பச்சைத் துணியைக் கடைசியில் கட்டுங்கள்

தீர்த்தமலையில் மாடியறையிலிருந்து வீடியோ எடுக்கும் பிள்ளைகளுக்கு,

நீங்கள் போன வாரம் அனுப்பிய வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். தீர்த்தம் பிறந்த கதை. ராவணனை முடித்துவிட்டு வந்த ராமர் இங்கே பூஜைக்கு உட்காருகிறார். தண்ணீர் கொண்டுவரப் போன அனுமனைக் காணோம். நேரம் போகிறது. அம்பை எடுத்துப் பாறையில் விடுகிறார், தீர்த்தம் கொட்டுகிறது. தாமதமாக வந்த அனுமன், கொண்டுவந்த தண்ணீருக்கு வேலையில்லை என்று தெரிந்ததும் வீசியெறிய, அது தென்பெண்ணைக் கரையில் விழுந்து அனுமன் தீர்த்தம் ஆகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட கதைதான். ஆனாலும் வீடியோவில் உங்கள் தங்கச்சி சொன்ன விதத்தில் அனுமன் மேல் எனக்குப் பரிதாபமே வந்துவிட்டது.

படம்தான் காலை வாரிவிட்டது. முகத்தைச் சுற்றிப் பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சை ஓரம். சடை பாதியில் அறுந்து மறுபடி முளைக்கிறது. கையை வீசும்போது விரல்கள் கரைந்துபோகின்றன. இவற்றையெல்லாம் விட என் கண்ணை உறுத்தியது வேறு. பின்னால் மலையில் சுள்ளென்று வெயில், பாறையின் நிழல் வலது பக்கம் விழுந்திருக்கிறது. தங்கச்சியின் மூக்கு நிழலோ இடது பக்கம். ஒரே இடத்தில் இரண்டு சூரியன். பார்க்கிறவர்களுக்கு எது தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் "ஏதோ ஒட்டவில்லையே" என்று கண் சொல்லிவிடும்.

வீடியோவோடு ஒரு கேள்வியும் அனுப்பியிருந்தீர்கள்: "அண்ணா, எந்தக் கிரீன் மேட் வாங்கணும்?"

அரூரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் இருபது வருஷத்துக்கு மேல் கல்யாண வீடியோ எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். துணியைக் கடைசியில் வாங்குங்கள், கடைசியில் கட்டுங்கள். முதல் வேலை பின்னணிப் படம். அது கையில் இருந்தால்தான் விளக்கை எங்கே வைப்பது என்று தெரியும். எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம். நானும் அப்படிச் செய்து பட்டவன்தான்.

கேசட் காலத்தில் எங்கள் கடையில் ஒரு வீடியோ மிக்சர் வாங்கினோம். பொண்ணு மாப்பிள்ளையை நீலத் துணிக்கு முன்னால் நிறுத்தி எடுத்து, பின்னால் ஊட்டி ஏரியைச் சேர்க்கலாம். ஊரே அசந்துபோனது. துணி எந்த நீலம் என்பதற்கு மட்டும் பத்துக் கடை ஏறி இறங்கினோம், வெளிச்சத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. முகத்துக்கு நேராக ஆயிரம் வாட் சன் கன். துணியின் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு, ஓரமெல்லாம் கருப்பு. அப்புறம் புதுசாகப் பச்சைத் துணி வாங்கி வந்த முதல் கல்யாணத்திலேயே வினை. மாப்பிள்ளையின் மாலையில் மரிக்கொழுந்து வைத்துக் கட்டியிருந்தார்கள். மரிக்கொழுந்து இருந்த இடமெல்லாம் ஓட்டை. மாப்பிள்ளை நெஞ்சின் வழியாக ஏரித் தண்ணீர் அலையடித்தது. பெண் வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பாக்கிப் பணத்தைத் தரவில்லை.

மலைக் கோயிலுக்குள்ளேயே போய் எடுத்துவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யும்படி அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. கருவறையைப் படம் எடுப்பது அதற்கு முன்பும் வழக்கத்தில் இல்லை. ஆகவே கதையை வீட்டிலிருந்து சொல்லி, மலையை வெளியிலிருந்து எடுத்துப் பின்னால் வைப்பது என்ற உங்கள் முடிவு சரியானதுதான். மூலவர் படத்தை எங்கிருந்தாவது எடுத்து முதுகுக்குப் பின்னால் வைக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள். சாமிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கதை சொன்னால் உங்கள் பாட்டியே பார்க்க மாட்டார்.

தனித்தனியாக எடுத்ததை ஒரே படமாகச் சேர்க்கும் இந்த வித்தை நமக்கு அந்நியமானது இல்லை. 1940-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் டி.ஆர். சுந்தரம் 'உத்தம புத்திரன்' எடுத்தார். பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். தமிழில் இரட்டை வேடத்துக்கு அதைத்தான் முதல் படமாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் இரண்டு பேரையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர வழக்கமான வழி இது. லென்ஸில் பாதியை மறைத்து ஒரு பக்கம் எடுப்பார்கள். பிலிமைப் பின்னால் சுற்றி, மறு பாதியை மறைத்து அடுத்த பக்கம் எடுப்பார்கள். மாஸ்க் என்று பெயர். கேமரா ஒரு நூல் நகரக் கூடாது, விளக்கும் நகரக் கூடாது. ஒரு பாதியில் வெளிச்சம் கூடிப்போனால் நடுவில் கோடு காட்டிக்கொடுத்துவிடும். அதே 1940-ல்தான் 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்துக்காக லாரி பட்லர் நீலத் திரையை வைத்து வண்ணப் படத்தில் ஆளைப் பிரித்தெடுத்தார், ஆஸ்கரும் வாங்கினார். பிறகு பெட்ரோ விலாஹோஸ் என்ற பொறியாளர் 1959-ல் வந்த 'பென்ஹர்' படத்துக்காக அந்த முறையைச் செம்மைப்படுத்தினார். தலைமுடியும் புகையும் கண்ணாடியும் ஓரம் தெரியாமல் பிரிவதற்கு அவர் போட்ட கணக்கே அடித்தளம். இன்று உங்கள் போன் செயலிக்குள் ஓடுவதும் அதன் பேரப்பிள்ளைகள்தான்.

வெளிச்சம் ஒட்டினால் கண் நம்பிவிடும் என்பதற்கு 1957-ல் வந்த 'மாயா பஜார்' உதாரணம். அதில் படகில் போகும் நிலாப் பாட்டை நீங்கள் யூடியூபிலாவது பார்த்திருப்பீர்கள். அந்த நிலா வெளிச்சம் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி உண்டாக்கியது. அது பொய் என்று யாருக்காவது தோன்றியதா? பின்னால் தெரியும் வானத்துக்கும் முன்னால் இருக்கும் முகத்துக்கும் ஒரே நிலா காய்வதுபோல் இருப்பதுதான் காரணம்.

ஆகவே முதலில் மலைக்குப் போங்கள். அடிவாரத்திலோ படிக்கட்டுப் பாதையில் ஏதாவது ஒரு திருப்பத்திலோ, மலையும் பாறையும் தெரியும் இடமாகப் பார்த்து போனை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வீட்டில் தங்கச்சி உட்காரும்போது கேமரா எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரம், அதே லென்ஸ். வைட் லென்ஸில் மலையை எடுத்துவிட்டு வீட்டில் சாதா லென்ஸில் ஆளை எடுத்தால் மலை பொம்மை மாதிரி சுருங்கித் தெரியும். போனை அண்ணாந்து வைத்து எடுக்காதீர்கள். வீட்டில் கேமரா நேராக இருக்கும், பின்னால் மலை சாய்ந்து நிற்கும். ஆள் நிற்க வேண்டிய இடத்தில் உங்களில் ஒருவரை நிறுத்தி அரை நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் வெயில் எந்தப் பக்கம், நிழல் எவ்வளவு கருப்பு, எத்தனை மணி என்பதை நோட்டில் எழுதுங்கள். வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு வரைபடமே அதுதான். பிறகு அவரை விலகச் சொல்லிவிட்டு இரண்டு நிமிடம் வெறும் மலையை எடுங்கள். போட்டோவாக வைப்பதைவிட வீடியோவாக வைத்தால் மரம் அசையும், உயிர் இருக்கும். குரங்கு வந்து எட்டிப் பார்த்தாலும் இருக்கட்டும், ஸ்டாண்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

நேரம் எது? உச்சி வெயிலை வீட்டு விளக்கால் செய்ய முடியாது. அதற்கு சினிமாக்காரர்களே லாரியில் லைட் ஏற்றி வர வேண்டும். மேகம் மூடிய நாளோ, சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிய பிறகு இருக்கும் கால் மணி நேரமோ உங்களுக்குத் தோது. அந்த வெளிச்சத்துக்குப் பக்கம் கிடையாது, எங்கிருந்தும் வருகிறது. வீட்டில் அதைச் செய்ய ஒரு வெள்ளை வேட்டியும் இரண்டு டியூப்பும் போதும்.

இப்போது அறைக்கு வருவோம். உங்கள் மாடியறை பத்துக்குப் பன்னிரண்டு என்று சொன்னீர்கள். சுவரோடு ஒட்டித் துணியைக் கட்டி, துணியோடு ஒட்டி ஆளை உட்கார வைத்திருக்கிறீர்கள். பச்சை ஓரம் அதனால்தான். துணியில் விழும் வெளிச்சம் பச்சையாகித் திரும்பித் தோளிலும் காதிலும் கழுத்திலும் படிகிறது. எண்ணெய் தேய்த்த தலைமுடி என்றால் கண்ணாடி மாதிரி வாங்கிக்கொள்ளும். துணிக்கும் ஆளுக்கும் ஆறடியாவது இடைவெளி விடுங்கள். இடம் எங்கே என்கிறீர்களா? துணியைச் சுவரில் கட்டாமல் ஒரு மூலையில் குறுக்காகக் கட்டுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மூலைக்கு மூலை பதினைந்தரை அடி கிடைக்கும். அதுவும் போதாவிட்டால் கேமராவை அறைக்கு வெளியே மொட்டை மாடியில் வைத்து வாசல் வழியாக எடுங்கள். இடுப்புக்கு மேல்தானே தெரியப்போகிறது? அப்படியென்றால் துணி அறை முழுக்கத் தேவையில்லை. ஆளையும் அவர் கை நீட்டும் தூரத்தையும் துணி மூடினால் போதும், மிச்சச் சுவரை எடிட்டிங்கில் வெட்டி எறிந்துவிடலாம். காலோடு சேர்த்து முழு ஆளையும் காட்டும் ஆசையை இப்போதைக்கு மூட்டை கட்டுங்கள். தரை நிழலைச் சமாளிப்பது தனிப் பாடு.

துணியைப் பற்றி இவ்வளவுதான்: மினுமினுப்பு இல்லாத காட்டன் அல்லது பாப்ளின். சாட்டின் வேண்டாம், அது வெளிச்சத்தைக் கோடு கோடாகத் திருப்பும். நடுவில் தையல் வராத மாதிரி பெரிய பன்னாவில் கேளுங்கள். தேய்த்து, மேலே கம்பியில் கோத்து, பக்கவாட்டில் கிளிப் போட்டு, மத்தளத் தோல் மாதிரி இழுத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு சுருக்கமும் ஒரு நிழல், ஒவ்வொரு நிழலும் வேறொரு பச்சை. வீட்டில் அம்மா சம்மதித்தால் ஒரு சுவருக்குப் பச்சை டிஸ்டெம்பரே அடித்துவிடலாம், சுருக்கம் என்ற பேச்சே இல்லை. பளபளக்கும் எனாமல் பெயிண்ட் மட்டும் கூடாது.

பச்சை ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள். போன் கேமராவின் சென்சாரில் நாலு புள்ளிக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அடுக்கு இது. மனிதக் கண் பச்சையில்தான் அதிக நுணுக்கம் பார்க்கும் என்பதால் அப்படி வைத்தார். ஆக, கேமராவுக்குப் பச்சை மற்ற நிறங்களைவிடத் தெளிவாக, இரைச்சல் இல்லாமல் கிடைக்கிறது. நம் தோலில் பச்சை இல்லை. கருப்போ சிவப்போ மாநிறமோ, எல்லாத் தோலும் சிவப்பு மஞ்சள் பக்கம்தான் நிற்கும். ஆனால் உங்கள் கதை கோயில் கதை. கையில் வில்வம், தட்டில் வெற்றிலை, கழுத்தில் மாலை என்று வந்தால் அந்த மரிக்கொழுந்து மாப்பிள்ளைக்கு ஆனதுதான் உங்களுக்கும் ஆகும். அந்தக் காட்சிகளுக்கு மட்டும் நீலத் துணி கட்டுங்கள். பித்தளைச் சொம்பையும் குத்துவிளக்கையும் முன்னால் வைத்தால் அவற்றில் துணியின் நிறம் அப்படியே தெரியும். கொஞ்சம் விபூதியைக் குழைத்துப் பூசினால் மினுக்கம் அடங்கும். கிளிப்பச்சைப் பாவாடை, மயில்கழுத்துச் சேலை, தும்பைப்பூ வெள்ளைச் சட்டை மூன்றும் வேண்டாம். வெள்ளை எந்த நிறத்தையும் வாங்கிக்கொள்ளும்.

விளக்குதான் இந்தக் கடிதத்தின் முக்கியப் பகுதி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

துணிக்கு வெளிச்சம் ஒரு வேலை, முகத்துக்கு வெளிச்சம் வேறு வேலை. ஒரே விளக்கால் இரண்டையும் செய்யப் பார்த்தால் இரண்டும் கெடும். துணிக்கு நாலடி எல்.இ.டி. டியூப் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று, செங்குத்தாக நிறுத்துங்கள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வாட், ஒரே நிறம், ஒரே நாளில் வாங்கியதாக இருக்கட்டும். டியூப் துணிக்குப் பக்கத்தில் இருந்தால் அருகில் வெள்ளைத் திட்டும் நடுவில் இருட்டும் வரும். தூரம் கூடக் கூட வெளிச்சம் வேகமாகக் குறையும். அதனால் துணியிலிருந்து மூன்று நாலு அடி தள்ளி, சாய்வாகத் திருப்பி, இடது டியூப் துணியின் வலது பாதியைப் பார்ப்பதுபோலவும் வலது டியூப் இடது பாதியைப் பார்ப்பதுபோலவும் வையுங்கள். ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். டியூப்பிலிருந்து நேராக ஆள் மேல் வெளிச்சம் கசியாமல் ஒரு அட்டையை மறைப்பாக ஒட்டிவிடுங்கள்.

சமமாக விழுகிறதா என்று பார்க்க மீட்டர் வேண்டாம். ஆள் இல்லாமல் துணியை மட்டும் போனில் பாருங்கள். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். எந்த இடம் முதலில் கருக்கிறதோ அங்கே வெளிச்சம் பற்றவில்லை. கூட்டிக்கொண்டே போங்கள். எந்த இடம் முதலில் வெளுக்கிறதோ அங்கே அதிகம். டியூப்பை ஒரு சாண் நகர்த்துங்கள், மறுபடி பாருங்கள். ஒரு மணி நேரம் போகும், போகட்டும். துணி பளீரென்று எரிய வேண்டும் என்று நினைக்காதீர்கள். முகத்தைவிட ஒரு படி மங்கலாக இருந்தாலே நல்லது. அதிகம் ஏற்றினால் பச்சை வெளிறும், தோளில் கசிவும் கூடும்.

முகத்துக்கு வரும்போது மலையில் எழுதிய நோட்டை எடுங்கள். வெயில் இடது பக்கம் என்றால் விளக்கும் இடது பக்கம், கண் மட்டத்துக்கு மேலே. விளக்குக்கு முன்னால் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டால் வெளிச்சம் பரவி மிருதுவாகும். எல்.இ.டி.தான் வைக்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன், பழைய ஹாலஜன் யாராவது கொடுத்தால் அதன் முன்னால் துணி கட்டாதீர்கள், பற்றிக்கொள்ளும். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மகோல் அட்டை. சினிமாக்காரர்கள் இன்றும் அதைத்தான் பிடிக்கிறார்கள். அட்டையை அருகில் கொண்டுவந்தால் நிழல் லேசாகும், தள்ளினால் கருக்கும். மலையில் நின்றவரின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அளவு வையுங்கள். மூன்றாவதாக ஆளுக்குப் பின்னால், சட்டத்துக்கு வெளியே உயரத்தில் ஒரு சின்ன விளக்கு. தலைமுடியிலும் தோளிலும் ஒரு மெல்லிய கோடு விழும். அறுந்துபோன சடை ஒட்டிக்கொள்வது அதனால்தான். மேகமூட்டப் பின்னணி என்றால் இதை ரொம்பக் குறையுங்கள். சூரியனே இல்லாத இடத்தில் தோள் மின்னக் கூடாது.

விளக்கு வாங்கக் காசில்லை என்றால் மொட்டை மாடி இருக்கிறது. காலையில் மாடிப்படி அறைச் சுவரின் நிழல் விழும் பக்கம் துணியைக் கட்டி, ஆளையும் அதே நிழலில் உட்கார வையுங்கள். வானமே பெரிய விளக்கு. துணியும் முகமும் தானாகவே சமமாக இருக்கும், பின்னணியும் மேகமூட்டத்தில் எடுத்ததாக இருந்தால் கச்சிதமாகப் பொருந்தும். காற்றடித்தால் மட்டும் கதை முடிந்தது.

போனில் எல்லாவற்றையும் பூட்டுங்கள். எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் எதையும் அதன் இஷ்டத்துக்கு விடாதீர்கள், தங்கச்சி கையை ஆட்டும் போதெல்லாம் பச்சை மாறும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப் நொடிக்கு நூறு தடவை மினுக்கும். ஷட்டரை 50-ல் ஒன்று அல்லது 100-ல் ஒன்று என்று வைத்தால் திரையில் பட்டை ஓடாது. 100-ல் வைத்தால் இன்னொரு லாபம், வீசும் கை கலங்காமல் விரல்கள் முழுசாக நிற்கும். அதற்கு வெளிச்சம் இன்னும் வேண்டும். இரவில் வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் எடுக்காதீர்கள், மலிவு டியூப் மங்குவதைக் கண் சொல்லாது, கேமரா சொல்லும். 4கே-யில் எடுத்து ஃபுல் எச்.டி.யாக வெளியிடுங்கள். போன் வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் பதிகிறது, நிறத்தையோ நாலு புள்ளிக்கு ஒன்றாகத்தான் பதிகிறது. பாதியாகச் சுருக்கும்போது அந்தக் குறை சரியாகி முடியின் ஓரம் சுத்தமாகப் பிரியும். ஃபேனை அணையுங்கள். துணி ஆடாது, குரலும் நன்றாக இருக்கும்.

எடிட்டிங்கில் டாவின்சி ரிசால்வ் இலவசமாகவே போதும், நேரலைக்கு ஓ.பி.எஸ். இருக்கிறது. பச்சையை எடுத்ததும் நேரே மலையைச் சேர்த்துப் பார்க்காதீர்கள். முதலில் கருப்பு வெள்ளை மேட்டைப் பாருங்கள். ஆள் முழு வெள்ளை, பின்னால் முழுக் கருப்பு. முகத்துக்குள் சாம்பல் தெரிந்தால் ஓட்டை. அதைச் சரிசெய்ய ஸ்லைடரை இழுத்துக்கொண்டே போனால் முடி போய்விடும். அப்படி இழுக்க வேண்டி வந்தால் கம்ப்யூட்டரை மூடிவிட்டு மாடியறைக்குப் போய் டியூப்பை நகர்த்துங்கள்.

உங்களில் ஒருவர் கேட்டார், "அண்ணா, இப்ப ஏ.ஐ. துணியே இல்லாம பின்னணியை எடுத்துடுதே?" எடுக்கும். அசையாமல் பேசும் முகத்துக்கு நன்றாகவே எடுக்கும். வில்லை வளைப்பதுபோல் கையை வைத்துக்காட்டும் தங்கச்சிக்கு, விரல்களுக்கு நடுவே இருக்கும் சந்துக்கு, காற்றில் நிற்கும் முடிக்கு அது இன்னும் ஊகம்தான் செய்கிறது. துணி ஊகிப்பதில்லை. அதோடு, எந்த ஏ.ஐ. பிரித்துக் கொடுத்தாலும் மூக்கு நிழல் தப்பான பக்கம் இருந்தால் தப்பான பக்கம்தான்.

வருகிற ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் அரூரிலிருந்து வருகிறேன். அடிவாரத்தில் டீக்கடைப் பக்கம் நில்லுங்கள். ஸ்டாண்ட், நோட்டு, தங்கச்சி உட்காரும் நாற்காலியின் உயரம் அளந்த ஒரு குச்சி, மூன்றும் இருந்தால் போதும். தெர்மகோல் நான் கொண்டுவருகிறேன். பச்சைத் துணியை வீட்டிலேயே மடித்து வைத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
அரூர் வீடியோ அண்ணன்